சாம்சனின் டோக்கன்

பாலகாட் தங்கச் சுரங்கப் பென்ஷன்காரர் சங்கத்தின் டேட்டாபேஸைச் சரிசெய்ய வீட்டில் திறந்ததும் இந்துவுக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. முந்நூறு பேரின் பாஸ்வேர்டும் மறைப்பே இல்லாமல் கிடக்கிறது. எல்லாமே சுரங்க வேலையில் அவரவருக்குக் கொடுத்த பித்தளை டோக்கனின் நம்பர். உடனே ஹாஷ் செய்தாக வேண்டும். செய்துவிட்டால் யாராலும் திருப்பிப் படிக்க முடியாத எழுத்துக் குவியலாகிவிடும். என்டரை அழுத்தப் போனவள் அப்பா பெருமாளின் வரியைப் பார்த்து நிற்கிறாள். 2740. ஜன்னல் வெயிலில் ஆணியில் மினுங்கும் அவருடைய டோக்கனில் இருப்பது 3186.

"நைனா, 2740 யாரு நம்பரு?" பெருமாளின் சவரக் கத்தி பாதிக் கன்னத்தில் நின்றுவிடுகிறது. சோப்பு நுரை கழுத்தில் வழிகிறது. "சாம்சனுது. அன்னிக்கி எனக்கு பதிலா நைட் ஷிஃப்ட்டு எறங்கினான். ஆளுங்கள எறக்கி ஏத்துற கேஜ் மேல வந்துச்சி. அவன் வர்ல." பிறந்ததிலிருந்து இந்த வீட்டில் அவள் கேட்டிராத பெயர். என்டரைத் தட்டுகிறாள். 2740 இருந்த இடத்தில் அர்த்தமில்லாத எழுத்துகள் நிரம்புகின்றன. "இன்னாம்மா, அழிஞ்சிட்ச்சா?" "இல்ல நைனா. நீங்க அதே நம்பர அடிச்சா தெறக்கும். மறந்துட்டா என்னாலகூட எடுத்துத் தர முடியாது." பெருமாள் கண்ணாடியைப் பார்த்தபடியே இருக்கிறார். கன்னத்து நுரை காய்கிறது. "நான் எங்கம்மா மறக்கறது?"