காஷ்மீருக்கு ஓர் அரை டிக்கெட்

செத்துப்போன மகனுக்குக் கஜபதி போட்ட விலை நூற்றுப்பத்து ரூபாய். காஷ்மீருக்குப் போய்வர அரை டிக்கெட் அவ்வளவுதான். சர்க்கரைக்காக ரேஷன் கார்டில் நீக்காமல் விட்டுவைத்த அவன் பெயர், ஃபாக்டரி குடும்பத்துக்குத் தரும் சுற்றுலா டிக்கெட் பணத்துக்கும் உதவியது. டிக்கெட்டை ஆபீசில் காட்டிவிட்டு, ரத்துசெய்து காசாக்குவது ஆவடி குவார்ட்டர்ஸ் அறிந்த வித்தை.

மனைவி புஷ்பா தடுத்தாள். "கேன்சல் பண்ணாதய்யா. புள்ள எடம் காலியாவே வரட்டும்."

"காத்துக்கு டிக்கெட் எடுத்த மொத ஆளு நான்தான்டி" என்றாலும் விட்டுக்கொடுத்தார்.

காஷ்மீரில் சினார் மரங்கள் கொள்ளியாய்ச் சிவந்து இலை உதிர்த்துக்கொண்டிருந்தன. டீக்கடைக்காரன் மூன்று கிளாஸ் வைத்தான். கஜபதி இரண்டு விரலைக் காட்டினார். அவனோ புஷ்பாவுக்குப் பக்கத்தில் யாரையோ பார்த்துச் சிரித்தான். மூன்றாவது டீயை அவள் ஊதி ஆற்றினாள். பிள்ளை போனதற்கப்புறம் அன்றுதான் அவள் முகம் மலர்ந்தது.

"நீ இவன ஊட்டுக்கு இட்டுகினு போய்யா. நான் இங்க இருந்துக்கறேன்."

சொல்லிவிட்டு மரங்களுக்குள் நடந்தாள். காலடியில் சருகு நொறுங்கவில்லை. போலீஸ் தேடியும் கிடைக்கவில்லை.

ஆவடி ஸ்டேஷன் வாசலில் கஜபதி மூன்று டிக்கெட்டையும் நீட்டினார். டிக்கெட் கலெக்டர் அவரைப் பார்த்தார். அவர் விரலைப் பிடித்து நின்ற பையனையும் பார்த்தார்.

"ஒரு முழு, ஒரு அரை, சரியா கீது. இன்னொரு முழு டிக்கெட்டுக்கு ஆள் கொறையுதே, அண்ணாத்தே?"