தாய்வழி

காலை பத்தரைக்கு நான் போய் இறங்கியபோது அஜந்தா படுத்திருந்தாள்.

முற்றம் கூட்டவில்லை. அடுப்பு மூட்டவில்லை. என் தம்பி யோகராசா கட்டாரில் வெயிலில் வேகிறான். அவன் பெண்டாட்டி ஊரில், குருக்கள்மடத்தில், வாயைப் பிளந்துகொண்டு தூங்குகிறாள்.

எனக்கு அவளை முதலிலிருந்தே பிடிக்காது. அன்று அதற்குக் காரணமும் கிடைத்தது.

எழும்பி வந்தவளைப் பார்க்கச் சகிக்கவில்லை. வாயோரம் எச்சில். நடை இழுபட்டது. தண்ணீர்ச் செம்பை நீட்டிய கை நடுங்கி, பாதித் தண்ணீர் என் சேலையில் ஊற்றுண்டது. "வாங்க மச்சாள்" என்று சொல்வதற்கே அவளுக்கு நாக்குப் புரளவில்லை.

நான் வந்தது மருமகன் நிதுர்ஷனுக்காக. தம்பியின் ஒரே மகன், இருபத்திரண்டு வயது. யாரோ தனக்கு நஞ்சு வைக்கிறார்கள் என்று நினைப்பதுதான் அவன் நோய். ஆஸ்பத்திரியில் விழுங்கத் தரும் குளுசையையும் நஞ்சு என்பான். போன வருடம் குளுசையை விட்ட ஒன்பதாம் நாள், வாவிக்குள் இறங்கிக் கழுத்தளவு தண்ணீரில் நின்றான். தோணிக்காரர் இரண்டு பேர் இழுத்துக்கொண்டுவந்து கரையில் போட்டார்கள்.

இப்போதும் குளுசையைக் கண்டால் தட்டிவிடுகிறானாம். அஜந்தாவைக் கேட்டால் "எல்லாம் சரி" என்று போனை வைத்துவிடுகிறாளாம். தம்பி என்னிடம் அழுதான்.

எங்கள் பக்கத்தில் குடி, அதாவது வம்சம், தாய்வழியில்தான் இறங்கும். பைத்தியமும் அந்த வழியாகத்தான் இறங்கியிருக்கிறது என்று நான் போகிற வீடெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். என்னுடைய குடியில் அப்படி ஒருவரும் கிடையாது. அவள் கோலத்தைப் பார்த்ததும் மிச்சமிருந்த சந்தேகமும் போய்விட்டது. இவளுக்கும் முற்றிவிட்டது.

"பெத்த பிள்ளைக்கு ஒரு குளுசை குடுக்க ஏலாத நீ என்னகா தாய்?"

முகத்துக்கு நேரேதான் கேட்டேன். அவள் குசினிக்குள் போனாள். ரோசம் வருவதற்கும் இவளுக்கு நேரமெடுக்கும் போலிருக்கிறது.

பின்னாலேயே போனேன். கடையில் வாங்கிய இடியப்பம். வீட்டில் அவிப்பதற்குக் கை வலிக்கிறதாக்கும். நேற்றைய மீன் கறியைச் சூடாக்கினாள்.

கிளினிக் கொப்பி மேசையில் திறந்து கிடந்தது. காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று அதில் எழுதியிருந்தது. அவளோ இரண்டு குளுசைகளை எடுத்து, கரண்டியால் நசுக்கி, கறிக்குள் கலந்தாள்.

ஒன்று எது, இரண்டு எது என்று தெரியாத ஜென்மம். சத்தம் போட வாயெடுத்தேன். அவள் உதட்டில் விரல் வைத்தாள். பிறகு என்னைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

நிதுர்ஷன் வந்து குந்தினான். சாப்பாட்டுக் கோப்பையை மடியில் வைத்து, இடியப்பத்தையும் கறியையும் நன்றாகப் பிசைந்தான். பிறகு நடுவில் விரலால் ஒரு கோடு கிழித்து, ஒரு பாதியைத் தாயின் பக்கம் திருப்பினான்.

"முதல்ல நீங்க."

அவள் தின்றாள். தன் பாதியை ஒரு துணுக்கும் விடாமல் தின்று, வாயைத் திறந்து காட்டினாள். அவன் அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தான். தினமும் இரண்டு வேளை நடக்கிற காரியம் என்று பார்த்தாலே தெரிந்தது.

அவனுக்குள் ஒரு குளுசை போக வேண்டுமென்றால் அவள் ஒன்றை விழுங்க வேண்டும். அது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

அவன் தன் பாதியில் கையை வைத்தான். வைத்தவன், புதிதாக வந்திருக்கும் என்னைப் பார்த்தான்.

"மாமி, நீங்களும் ஒரு வாய்."

ஒரு வாய்தான். தின்றால் செத்துப்போக மாட்டேன். அஜந்தா என்னைப் பார்த்தாள். இருபத்தைந்து வருடத்தில் என்னிடம் ஒன்றும் கேட்காதவள், அன்று கண்ணால் கேட்டாள்.

"நான் திண்டுட்டுத்தான் வந்தன் மகன்" என்றேன்.

பொய். காலையில் வெறும் தேத்தண்ணியோடு பஸ் ஏறியவள் நான். பைத்தியக்காரருக்குக் கொடுக்கிற குளுசை எனக்குள் போய்விடுமே என்று பயம். வேறொன்றுமில்லை. என்னைவிடக் கேவலமான ஒருத்தி அந்த வீட்டில் அப்போது இருக்கவில்லை.

அவன் கோப்பையைத் தள்ளி வைத்தான். கையைக் கழுவினான். படலையைத் திறந்துகொண்டு போனான்.

அஜந்தா எழும்பப் பார்த்தாள். முடியவில்லை. சுவரைப் பிடித்தபடி மறுபடியும் குந்தினாள். என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"நான் இன்னும் கொஞ்சத்தில நித்திரையாகிருவன் மச்சாள்" என்றாள். "அவன் வாவிப் பக்கம் போகாமப் பாத்துக்கோங்க."