எதிர்ப்பக்க வாங்கு

மொன்ட்ரியால்-நோர் பகுதியில், பள்ளிக்கூட விளையாட்டு மண்டபத்தில், மகள் ஷெரோனின் கூடைப்பந்தாட்டம் பார்க்க முதல்முறையாக வந்த இமெல்டா பனிக்கோட்டும் கையுறையும் கழற்றாமல் குந்தியிருக்கிறாள். தேவாலயத்தில் பெண்கள் பக்கம் தேடுகிற பழக்கத்தில், பெண்கள் கூடியிருந்த நீள வாங்காகப் பார்த்து இடம் பிடித்திருக்கிறாள். அது எதிரணித் தாய்மாரின் வாங்கு என்று அவளுக்கு யார் சொல்வது? "வந்தால் கத்தாதேங்கோ அம்மா, எனக்கு வெக்கம்" என்று ஷெரோன் சொல்லிவிட்டாள். பூசையில் பாட்டெடுத்தால் கூரை பறக்கும் இமெல்டா இன்று வாயைப் பூட்டியிருக்கிறாள். மரத்தரையில் சப்பாத்துகள் கிறீச்சிடுகின்றன. ஷெரோன் எறிந்த பந்து வளையத்துக்குள் விழ, இந்த வாங்கு முழுதும் மௌனம். "என்ர பிள்ளை" என்கிறாள் பக்கத்தில் இருப்பவளிடம். அவள் தமிழ் விளங்காமல், பிரெஞ்சில் "பொன்ஜூர்" என்று வணக்கம் சொல்லிச் சிரிக்கிறாள். அங்கே ஷெரோன் தன் அணித் தாய்மாரின் வாங்கில் முகம் முகமாகத் தேடுகிறாள். இமெல்டா எழுந்து நின்று கைதட்டுகிறாள். கம்பளிக் கையுறைக்குள் சத்தமே எழவில்லை.