அப்பா கேட்ட தொட்டி

வண்டிக்கு அடியில் அத்தான் மல்லாந்து படுத்திருந்தார். நான் மேலே, பிக்கப்பின் பின்னால் சரக்கு ஏற்றும் தொட்டிக்குள் குந்தியிருந்தேன்.

கீழே அவர் நட்டைத் திருப்பினார். மேலே நான் போல்ட்டின் தலையை ஸ்பேனரால் பிடித்துக்கொண்டேன். இரண்டு பேரில் ஒருவர் கையை எடுத்தாலும் போல்ட் சும்மா சுற்றும்.

"ஏன் மாப்ள, வண்டியே இல்லாம வெறும் தொட்டிய வச்சு உங்கப்பா என்ன பண்ணப் போறாரு? மீன் வளக்கப் போறாரா?"

சிரித்தேன். அது சிரிப்புதானா என்று எனக்கே தெரியவில்லை.

அக்கா அத்தானோடு சண்டை போட்டு இந்த வீட்டை விட்டுப் போய்விட்டாள். இனிமேல் வரமாட்டேன் என்று அப்பா வீட்டில் உட்கார்ந்திருக்கிறாள்.

கல்யாணமான புதிதில் அத்தானின் வண்டிக்கு இந்தத் தொட்டியை வாங்கிக் கொடுத்தவர் அப்பா. நேற்று போனில், "அது நம்ம பொருள். கழட்டி லாரில ஏத்தி விட்டுரு" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

நான் எங்கே இருப்பது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இந்த ஊருக்கு வேலைக்கு வந்ததிலிருந்து அத்தான் வீட்டுப் பின்னறையில்தான் இருக்கிறேன். இங்கே வேறு யாரையும் எனக்குத் தெரியாது. தொட்டி போய்விட்டால் சண்டையும் அதோடு போய்விடும், நான் பாட்டுக்குப் பின்னறையில் இருந்துகொள்ளலாம் என்று காலையிலிருந்து எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அத்தானிடம் கேட்கத்தான் வாய் வரவில்லை.

கடைசி போல்ட்டும் கழன்றது.

ஷெட் உத்திரத்தில் தொங்கிய, பாரம் தூக்கும் செயின் பிளாக்கை மாட்டி இழுத்தோம். தொட்டி ஒரு சாண் எழும்பியது. பிறகு ஒரு பக்கமாகச் சாய்ந்து அப்படியே நின்றுவிட்டது.

"நிறுத்து, நிறுத்து! டீசல் ஊத்துற வாயக் கழட்டவே இல்லயே! நம்ம ரெண்டு பேரயும் சேத்தாலும் ஒரு மூளை தேறாது மாப்ள."

தொட்டியின் பக்கவாட்டில் டீசல் வாயைப் பிடித்திருந்த சின்ன ஸ்க்ரூக்களை அவரே கழற்றினார். அதற்குப் பிறகு தொட்டி லேசாக மேலே போனது. அடியிலிருந்த பிக்கப்பை முன்னால் நகர்த்தினோம். வாடகை லாரி பின்பக்கமாக வந்து அந்த இடத்தில் நின்றது. தொட்டியை அதில் இறக்கினோம். லாரி டிரைவர் இறங்கக்கூட இல்லை.

ஷெட்டுக்குப் பின்னால் பழைய தொட்டி கிடந்தது. வண்டியோடு வந்தது. அதைத் திரும்ப மாட்டினோம். அதன் அடித்தகட்டில் துருப்பிடித்து ஒரு ஓட்டை. அத்தான் அதன் மேல் ஒரு பலகையைப் போட்டு, காலால் மிதித்துப் பார்த்தார். திங்கட்கிழமையிலிருந்து இதில்தான் அவர் சிமெண்டு மூட்டை ஏற்ற வேண்டும்.

"பின் லைட்டு வயர மட்டும் சேத்துரு மாப்ள."

இந்த முறை நான் அடியில் படுத்தேன்.

அங்கிருந்து அத்தானின் கால்கள் மட்டும்தான் தெரிந்தன. வீட்டுக்குள் போயின. லாரிப் பக்கம் வந்து நின்றன. திரும்பவும் வீட்டுக்குள் போயின. கயிறு உரசும் சத்தம் கேட்டது. தொட்டியைக் கட்டுகிறார் என்று நினைத்தேன்.

கறுப்பு வயரைக் கறுப்போடு முறுக்கி டேப் சுற்றினேன். அடுத்து சிவப்பு. கை அதுபாட்டுக்கு வேலை செய்தது. உதடு மட்டும் சத்தமில்லாமல் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தது: அத்தான், நா இங்கயே இருந்துக்கிறேனே.

வெளியே வந்து, கையைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தேன்.

லாரியில், தொட்டிக்குள், என் பை இருந்தது. பக்கத்தில் என் மெத்தை, சுருட்டியபடி. தலையணை. வேலைக்குப் போட்டுப் போகும் ஷூ. கொடியில் காயப்போட்டிருந்த இரண்டு சட்டைகளும்கூட, ஈரம் போகாமலே மடித்து வைக்கப்பட்டிருந்தன.

எல்லாவற்றுக்கும் மேலே கயிறு.

அத்தான் முடிச்சை ஒரு தரம் இழுத்துப் பார்த்தார்.

"நல்லாக் கட்டியிருக்கேன் தம்பி. விழாது."