எந்திரிக்காத கம்ப்யூட்டர்

"பழனிசெட்டிபட்டியில இருந்து அல்லிநகரம் வர இம்புட்டு நேரமா தம்பி? இங்கன ஒவ்வொருத்தரும் கெடந்து தவிக்கிறோம்!"

மதன்குமார் பைக்கை நிறுத்துவதற்குள் மீரான் மைதீன் கத்தினார். ஏலக்காய் வியாபாரி. ஜும்மா தொழுகைக்குப் போட்ட தொப்பியைக்கூடக் கழற்றாமல் வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்துகொண்டிருந்தார். பட்டன் திறந்து கிடந்த பச்சை பெல்ட்டுப் பையைக் கை சும்மா தடவிக்கொண்டே இருந்தது.

"பாத்துருவோம் பாய்" என்று கம்ப்யூட்டர் ரிப்பேர் பையோடு மதன்குமார் உள்ளே போனான்.

கூடத்தில் பிரியாணி வாசனை. மீரானின் அக்கா சல்மா நாற்காலியில் பட்டன் செல்போனும் கையுமாக உட்கார்ந்திருந்தார். அவர் மகன் அப்சல் ரியாத்தில் வெப்கேமரா முன்னால் காத்திருக்கிறான். மீரானின் மகள் ஷர்மினைப் பார்த்துப் பேசிவிட்டால் இன்றைக்கே கல்யாணத்துக்கு நாள் குறிப்பதாக ஏற்பாடு.

"போன வெள்ளிக்கெழம கரண்டு போச்சு. இன்னைக்கு இது எந்திரிக்க மாட்டேங்குது" என்றார் சல்மா. "இன்னைக்கும் தடைபட்டா அல்லாவோட நாட்டம் இல்லன்னு வேற எடம் பாத்துருவேன் மீரான். பெறகு அக்கா சொல்லலைன்னு சொல்லாத."

"நல்ல காரியத்துல அப்படியெல்லாம் பேசாதக்கா! ஏந்தம்பி, என்ன வேடிக்க பாக்குற? வேலையப் பாரு!"

அடுக்களை வாசலில் ஷர்மின் நின்றாள். அழுது அழுது இமை தடித்திருந்தது.

"காலேஜு இன்னும் ஒரு வருசந்தானம்மா. முடிச்சுக்கிறேனே..."

"வாய மூடு ஆத்தா. மாமி காதுல விழுந்துரப் போகுது" என்று அவள் அம்மா ரிஸ்வானா அதட்டினாள். அது மதன்குமார் காதில் விழுந்தது.

கம்ப்யூட்டரைப் போட்டான். விசிறி சுற்றியது, பச்சை விளக்கு எரிந்தது. கறுப்புத் திரையில் ஒரு சின்னக் கோடு மட்டும் மின்னிக்கொண்டு நின்றது. மூடியைக் கழற்றி ராம் மெமரிப் பட்டையை எடுத்து ரப்பரால் தேய்த்து மாட்டினான். மறுபடியும் அதே கோடு.

"பின்பக்கம் பாக்கணும். டார்ச் இருக்கா பாய்?"

"பேட்டரி தீந்து போச்சே. அங்கன தூசிதான் கெடக்கும்."

செல்போன் வெளிச்சத்தில் எட்டிப் பார்த்தான். சுவருக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில், உள்ளங்கை அகலக் கறுப்பு டப்பா ஒன்று சொருகிக் கிடந்தது. கடைக் கணக்கையெல்லாம் நகலெடுத்து வைக்கிற பேக்கப் டிரைவ்.

போன மாதமும் இதே கோளாறுதான். "இதச் சொருகி வச்சுக்கிட்டு ஆன் பண்ணாதீக. கம்ப்யூட்டரு தன் டிஸ்க்க விட்டுட்டு இதுல இருந்து எந்திரிக்கப் பாக்கும். எந்திரிக்க முடியாம நின்னுரும்" என்று வீட்டில் எல்லாரும் கேட்கச் சொல்லிவிட்டுப் போயிருந்தான். அன்றிலிருந்து பாய் அந்த டப்பாவைத் தன்னோடேயே வைத்திருந்தார். பெண்டாட்டியைக்கூடத் தொட விடமாட்டார்.

நிமிர்ந்தான். ஷர்மின் அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரியாயிருமாண்ணே?"

ஆகக் கூடாதே என்ற பயம் அந்தக் குரலில் இருந்தது. பாய் குளிக்கப் போன நேரம் பார்த்து எடுத்துச் சொருகியிருப்பாள் என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. பிடுங்கிவிட்டு மறுபடி போட்டால் போதும், மாப்பிள்ளை திரையில் வந்து நிற்பான். அப்புறம் இந்தப் பிள்ளை காலேஜுக்குப் போக முடியாது.

சல்மாவின் செல்போன் அடித்தது.

"இந்தா ஆச்சுடா, டூட்டிக்குக் கெளம்பிறாத... ஏய்யா, ஆகுமா ஆகாதா? ஒரு வார்த்தையில சொல்லு!"

"சொல்லேன் தம்பி!" என்று மீரானும் கத்தினார். நெற்றியில் வேர்வை ஓடியது.

இல்லாத கோளாறை இருப்பதாக மதன்குமார் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. ஸ்விட்சை அணைத்தான். டப்பாவைப் பிடுங்கிச் சத்தமில்லாமல் பைக்குள் போட்டுக்கொண்டான்.

"போர்டு போயிருச்சும்மா. மதுரைக்குத்தான் கொண்டுபோகணும்."

சல்மா எழுந்தார். முகத்தில் கோபம் ஒன்றும் இல்லை.

"நாஞ் சொன்னேன்ல? நாட்டம் இல்ல. அப்சலு, நீ டூட்டிக்குப் போடா, வேற எடம் பாப்போம்... நமக்குள்ள இதுல வருத்தம் வேணாம் மீரான். ரிஸ்வானா, பிரியாணிய மட்டும் தூக்குல போட்டுக் குடு."

ஆட்டோ கிளம்பியது. உள்ளே ஷர்மின் முகத்தைத் துப்பட்டாவுக்குள் புதைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். தோள் குலுங்கியது. அது அழுகை இல்லை.

மீரான் மைதீன் பைக் வரைக்கும் கூடவே வந்தார். அவர் முகத்தைப் பார்க்க மதன்குமாரால் முடியவில்லை. டப்பாவை எடுத்து நீட்டினான்.

"மன்னிச்சுக்கங்க பாய். போர்டு நல்லாத்தான் இருக்கு. இதுதான் பின்னாடி சொருகிக் கெடந்துச்சு. பாப்பாவ வையாதீக. படிக்கணும்கிற ஆசையில, வேற வழி தெரியாம செஞ்சிருச்சு."

அவர் டப்பாவை வாங்கித் தோள் துண்டில் தூசி போகத் துடைத்தார். பெல்ட்டுப் பைக்குள் பத்திரமாக வைத்துப் பட்டனைப் போட்டார். அக்காவின் ஆட்டோ தெருமுனையில் திரும்பிவிட்டதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டார்.

"எங்கக்காகிட்ட முடியாதுன்னு சொல்ல எனக்கு வாய் வரல தம்பி."