நாங்கதான்

“நாங்கதான்” என்றாள் அவள், வேன் ஓட்டி வந்தவர் கேட்டு முடிப்பதற்குள்.

சர்ச் சபையிலிருந்து வருவதாகச் சொல்லியிருந்தார் அவர். வெளியூரிலிருந்து இன்றைக்குக் குடிவரும் ஒரு குடும்பத்துக்குச் சாமான் ஏற்றிக் கொடுக்க வேண்டுமாம்.

கணவன் அவளைத் திரும்பிப் பார்த்தான். அவர்கள் எந்தச் சபைக்கும் போனதில்லை. இந்த ஊரில் வீட்டுத் தரகரைத் தவிர யாரையும் தெரியாது.

லிஃப்ட் ஓடவில்லை என்று தெரிந்ததும் லாரிக்காரர்கள் எல்லாவற்றையும் நடைபாதையிலேயே இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள். வீடு மூன்றாவது மாடி. கணவனுக்குக் குடலிறக்க ஆபரேஷன் முடிந்து இன்னும் தையல் ஆறவில்லை.

பீரோவுக்கும் கழற்றிய கட்டிலுக்கும் நடுவே பிளாஸ்டிக் நாற்காலியில் மாமியார் சரிந்து கிடந்தாள். இடுப்பெலும்பு முறிந்தவள், அதிக நேரம் உட்காரக் கூடாது. காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறாள்.

வேன்காரர் நாற்காலியைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

“சரிம்மா. முதல்ல அம்மாவ மேல கொண்டு போவோம்.”

வேனிலிருந்து ஒரு தச்சரும், யூனிஃபார்மை மாற்றாத ஒரு நர்ஸும் இறங்கினார்கள். நாற்காலியோடு மாமியாரைத் தூக்கினார்கள்.

“யாருடி இவங்கல்லாம்?” என்றாள் மாமியார்.

“சொந்தக்காரங்க, அத்தை.”

“எந்த வழியில?”

“மாடிப்படி வழியில” என்றார் தச்சர், மூச்சு வாங்க. “பேசாம வாங்கம்மா. பேசப் பேசக் கனம் கூடுது.”

கட்டிலை மேலே கொண்டுவந்து தச்சர் பொருத்தினார். மாமியார் படுத்ததும் கணவன் மனைவியைச் சமையலறைக்குக் கூப்பிட்டான்.

“இது தப்பு. இப்பவே சொல்லிடு.”

“பீரோ வரட்டும்.”

“அப்புறம்?”

“ஃபிரிட்ஜ்.”

“நல்லாருக்கு. வீட்டுக்குப் பாலும் அவங்களே காய்ச்சட்டும்.”

அவள் சுவரில் சாய்ந்து நின்றாள்.

வாஷிங் மெஷினின் ஒரு முனையைப் பிடித்தபடி வேன்காரர் ஏறிவந்தார். தோளுக்கும் காதுக்கும் நடுவில் ஃபோன். “கொஞ்சம் நேரமாகும் பிரதர். நீங்க எல்லாரும் சாப்பிட்டு முடிங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

உள்ளே நர்ஸ் மாமியாரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, முழங்கால்களுக்கு நடுவே தலையணை வைத்தாள். முதுகில் சிவந்திருந்த இடத்தைத் தடவிப் பார்த்தாள்.

“தனியா புரட்டாதீங்க அக்கா. உங்க முதுகு போயிடும். ராத்திரின்னாலும் கூப்பிடுங்க, நான் பக்கத்துலதான் இருக்கேன்.”

நர்ஸ் சொன்ன எண்ணை அவள் ஃபோனில் பதிந்துகொண்டாள். உண்மை தெரிந்தபிறகு இந்த எண்ணில் யாரும் எடுக்க மாட்டார்கள் என்று நினைத்தாள். ஆனாலும் அழிக்கவில்லை.

கடைசிப் பெட்டியும் வந்து சேர்ந்தது. வேன்காரர் சட்டையில் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“வீட்டுக்கு ஒரு சின்ன ஜெபம் பண்ணிட்டுக் கிளம்பறோம்மா.”

“சின்னதுன்னா சின்னதா இருக்கணும் அண்ணே” என்றார் தச்சர். “உங்க சின்ன ஜெபத்துல சோறே வெந்துடும்.”

பெட்டிகளுக்கு நடுவே நின்று மூவரும் கண்களை மூடினார்கள். கணவன் தலையைக் குனிந்துகொண்டான். அவள் மட்டும் அவர்கள் முகங்களைப் பார்த்தபடி நின்றாள். வேன்காரரின் முழங்கை உரசி ரத்தம் கட்டியிருந்தது.

“ஆண்டவரே, களைச்சுப்போய் வந்திருக்கிற இந்தக் குடும்பத்த…”

“நிறுத்துங்க அண்ணே” என்றாள் அவள்.

அவர் நிறுத்தினார்.

“நீங்க தேடி வந்த குடும்பம் நாங்க இல்ல. எங்களுக்குச் சபையே கிடையாது. பொய் சொல்லிட்டேன்.” மாமியார் படுத்திருந்த அறைப் பக்கம் கையைக் காட்டினாள். “முடியல அண்ணே. அத்தைய எப்படி மேல கொண்டுபோறதுன்னு தெரியல.”

கணவன் தலை நிமிரவில்லை. தச்சர் கண்ணைத் திறக்கவில்லை. நர்ஸும் திறக்கவில்லை.

“தெரியும்மா, அவங்க அடுத்த தெரு” என்றார் வேன்காரர். “கண்ண மூடிக்க.”