மட்டும், தவிர

"எங்க வீட்டுக்காரர் தூங்க மட்டும் செய்யுதாரு. இதைக் கொரியன்ல எப்படிச் சொல்லணும், சார்?"

சபிதா கேட்டதும் வகுப்பே சிரித்தது. கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுக்கு எதிர் மாடியில் நடக்கும் மாலை வகுப்பு. அவள் அன்றைக்குத்தான் சேர்ந்திருந்தாள்.

ரூபஸ் சார் சிரிக்கவில்லை. போர்டில் எழுதினார். "வினைச்சொல்லோட 'கிமான் ஹேயோ' சேக்கணும். வேற எதுவும் செய்யாம அது ஒண்ணையே செய்யுதாங்கன்னு அர்த்தம். 'ஜாகிமான் ஹேயோ', தூங்க மட்டும் செய்யுதாரு."

"சாப்பிட மட்டும் செய்யுதாரு?"

"மொக்கிமான் ஹேயோ."

"வாயைத் திறந்து பேச மட்டும் மாட்டேங்காரு. அதுக்கு?"

சார் மார்க்கரை மூடினார். "அது... அடுத்த பாடம்."

விளாத்திகுளத்திலிருந்து பஸ் பிடித்து வரும் முத்துச்செல்வி, பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்தாள். "யக்கா, நெசமாவே பேச மாட்டாவளா?"

"கொரியாவுல வேலை கிடைச்சிருக்கு. விசா வந்ததுலேருந்து வீட்டுல மூச்சு விடல. போறதுல சந்தோசமா, என்னை விட்டுட்டுப் போறோமேன்னு வருத்தமா, ஒரு மண்ணும் தெரியல."

மெதுவாகத்தான் சொன்னாள். ஆனாலும் சார் காதில் விழுந்துவிட்டது. அவர் போர்டை அழித்துவிட்டு வேறொரு வரி எழுதினார்.

"'ஆனே பக்கே ஒப்சொயோ.' 'பக்கே' வந்தா வாக்கியம் 'இல்லை'ன்னுதான் முடியணும். நம்ம 'தவிர' மாதிரி." எழுதிய வரியைத் தொட்டு அர்த்தம் சொன்னார். "எனக்கு என் பொண்டாட்டியைத் தவிர யாரும் இல்லை."

சபிதா குனிந்துகொண்டாள். பேனா ஓடவில்லை.

"சார் வீட்டுக்காரவிய குடுத்து வச்சவிய!" என்றாள் முத்துச்செல்வி. "யக்கா, உங்க வீட்டுக்காரரையும் இங்கன சேத்துவிடுங்க. சார்கிட்டப் படிச்சாவது பேச்சு வரட்டும்."

வகுப்பு முடிந்து எல்லோரும் படியிறங்கிப் போனார்கள். சபிதா எழுந்திருக்கவில்லை. ரூபஸ் சார் தயங்கித் தயங்கி அவள் பக்கத்தில் வந்து நின்றார்.

"ஏட்டி, இதைக் கேக்கவா இங்கன வந்து சேந்த?"

"பின்ன? வீட்டுல கேட்டா வாயே திறக்கல. வாத்தியார்கிட்டக் கேட்டா பதில் சொல்லித்தானே ஆகணும்!" என்றாள் அவருடைய மனைவி.